மெலிந்த விவசாயிக்குச் சர்க்கரை எப்படி வருகிறது? திருப்பரங்குன்றம் பூச்சிமருந்து ஆய்வு – உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள்?

மல்லிக்காட்டான் | ஞாயிறு, காலை 6:50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வலையங்குளம் பக்கம். ஒன்றரை ஏக்கர் மல்லிகை. அப்பாவுக்கு 58 வயது, எடை 52 கிலோ. காலில் முள் குத்திய புண் மூன்று வாரமாக ஆறவில்லை என்று கூட்டிப்போனோம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 236. "இனிப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்க, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார்: "ஏய்யா, நான் நடக்கிறதே இல்லையா?"

இரவு இரண்டரை மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூ எடுக்க இறங்குகிற மனிதர் அவர். பகலில் களை, தண்ணீர், பூச்சிமருந்து. டீயில் அரைக் கரண்டி சர்க்கரை. தாத்தாவுக்கும் இல்லை, அப்பத்தாவுக்கும் இல்லை. அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் தேடியபோது நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று கிடைத்தது. ஜி. வேல்முருகன், எஸ். இராமசாமி, நீரிழிவு மருத்துவர் கே. சுவாமிநாதன் ஆகியோரும் இன்னும் பலரும் சேர்ந்து செய்தது. 2017 ஜனவரியில் ஜீனோம் பயாலஜி என்ற இதழில் வந்திருக்கிறது. ஆய்வு நடந்த இடம் நமக்கு எட்டிய தூரம்தான், திருப்பரங்குன்றம் ஒன்றியத்துக் கிராமங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட 3,080 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. புழங்காதவர்களில் 6.2 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு.

படித்ததும் அப்பா மருந்து அடிப்பதுதான் கண்முன் வந்தது. மூடியில் அளந்து டேங்கில் ஊற்றுவார். மூடி விளிம்பில் வழிவதை விரலால் துடைத்து, விரலை வேட்டியில் துடைப்பார். கலக்குவதற்கு வேலியில் ஒடித்த குச்சி. குச்சி கிடைக்காத நாளில் முழங்கை வரை உள்ளே போகும். வாயைச் சுற்றி ஈரத்துண்டு கட்டியிருப்பார். அந்தத் துண்டாலேயே வியர்வையைத் துடைப்பார், மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதிலேயே துடைப்பார். டேங்கில் கசிவு இருந்தால் முதுகு நனைந்துகொண்டே இருக்கும். முப்பது வருஷமாக இப்படித்தான்.

உங்கள் ஊரில் மருந்து அடிக்கிறவர்களுக்குச் சர்க்கரை எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த ஆய்வைப் புரிந்தவர்கள் இருந்தால் எளிமையாக விளக்கவும்.

---

நாகமலை மாணவி | ஞாயிறு, காலை 9:15

அண்ணா, நான் நுண்ணுயிரியல் படித்தவள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அந்த ஆய்வு பார்த்தது ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகளை. அவை பூச்சியின் நரம்பைத் தாக்குகின்றன. நரம்பு ஒரு செய்தியைக் கடத்தியதும் அந்தச் செய்தியை அழித்துச் சுத்தம் செய்ய ஒரு நொதி இருக்கிறது, அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்று பெயர். மருந்து அந்த நொதியைப் பூட்டிவிடும். செய்தி அழியாமல் தேங்கி, பூச்சி துடித்துச் சாகும். மனிதருக்கும் அதே நொதிதான். அதனால்தான் மருந்து குடித்தவர்களுக்கு எச்சில் வழிகிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது. ஆஸ்பத்திரியில் அட்ரோபின் போடுவது இதற்குத்தான்.

இதனால் ஒரு பழைய நம்பிக்கை: அந்த நொதி குறையாத அளவுக்கு உடம்பில் மருந்து போனால் ஆபத்தில்லை. மதுரை ஆய்வு கைவைத்தது இந்த நம்பிக்கையில்தான். சுண்டெலிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை 180 நாள் கொடுத்தார்கள். நொதியில் மாற்றமே இல்லை. எலியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது, சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்திருந்தது.

நரம்பு வழியாக வரவில்லை என்றால் எந்த வழி? குடலைப் பார்த்தார்கள். நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு எது கிடைத்தாலும் உடைத்துத் தின்னப் பார்க்கும் குணம். பூச்சிமருந்தையும் உடைக்கின்றன. உடைந்ததில் மிஞ்சுவது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருக்கிற அதே பொருள். அதை எடுத்துக் குடலும் கல்லீரலும் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கின்றன. சாப்பிட்டு வந்த சர்க்கரை வேறு, இது உடம்பு தானே உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுவது. அப்பா டீயில் அரைக் கரண்டி போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அடுத்தது. மருந்து கொடுத்த எலிகளின் குடல் பாக்டீரியாவை எடுத்து, மருந்தே படாத எலிகளுக்கு மாற்றினார்கள். அந்த எலிகளுக்கும் சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்தது! பாக்டீரியாவின் பங்கு அங்கே கையும் களவுமாகப் பிடிபட்டது. நம் பக்கத்து மக்களின் மல மாதிரியிலும் மருந்தை உடைக்கும் நொதியையும் அசிட்டேட்டையும் (அந்த அசிட்டிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்) அளந்து, சர்க்கரை உள்ளவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

---

உசிலை பாண்டி | ஞாயிறு, காலை 11:40

தம்பி, அப்பா காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் அது.

ஆனால் எல்லாவற்றையும் மருந்து மேல் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மருந்து டேங்கைக் கண்ணால் பார்க்காத மதுரை டவுன்காரருக்கும் சர்க்கரை இருக்கிறதே? 2023இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு வந்தது. நாடு முழுக்க 11.4 சதவீதம், பத்துக் கோடிப் பேர். தமிழ்நாட்டில் 14.4. இதில் பாதிக்கு மேல் பேர் வயலில் இறங்கியே இருக்க மாட்டார்கள். தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளை, ராத்திரி புரோட்டா, தூக்கம் கிடையாது. கேழ்வரகும் சோளமும் இருந்த வீட்டில் இன்று என்ன இருக்கிறது?

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இப்படிச் செய்தி வந்தால் டவுனில் இருப்பவர்கள் "விவசாயி விஷம் அடிக்கிறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். விஷத்தில் முதலில் நனைகிறவன் அவன்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

---

மல்லிக்காட்டான் | ஞாயிறு, பகல் 12:30

அண்ணே, கடைசியாகச் சொன்னீர்களே, அதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

அரிசி பற்றிச் சொன்னது சரி. ஆனால் 18.3 என்பதும் 6.2 என்பதும் ஒரே வட்டாரத்து ஆட்கள். ஒரே ரேஷன் கடை, ஒரே அரிசி, ஒரே சந்தை. சாப்பாடு மட்டுமே காரணம் என்றால் மருந்தோடு புழங்குகிறவர் பக்கம் மட்டும் ஏன் மூன்று மடங்கு கூடுகிறது? ஊர்க்காரர்கள் பெரும்பாலும் குண்டானவர்களும் இல்லை. அரிசிக்கும் பங்கு இருக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சோறு கேட்டார்கள், இனிப்பு கேட்டார்கள், பரம்பரை கேட்டார்கள், பீடி, குடி கேட்டார்கள். "மருந்து அடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்கவில்லை.

---

செவிலியர் மேலூர் | ஞாயிறு, மாலை 4:05

நான் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தம்பி கடைசியில் எழுதியதைப் படித்து மனசு உறுத்தியது. ஏனென்றால் நானும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று!

இன்று மதியம் எனக்குத் தெரிந்த இரண்டு அக்காமாரிடம் போனில் கேட்டேன். இருவரும் கூலிக்குப் பூ எடுப்பவர்கள், இருவருக்கும் சர்க்கரை மாத்திரை. இருவரும் டேங்கைத் தொட்டதே இல்லை, அது ஆம்பளை வேலை. "அப்ப மருந்து படாது, இல்லையாக்கா?" என்றேன். ஒரு அக்கா சொன்னது: "சாயங்காலம் அடிச்சா விடியக்காலையில நாங்கதானம்மா அந்த மொட்டைக் கிள்ளுறோம். பனியில ஈரமா இருக்கும். விரல் நுனியெல்லாம் மருந்து வாடைதான். அதோடதான் வெத்தலை போடுவோம்."

விரல் நுனி, வெற்றிலை, வாய். இதைவிட நேரான வழி குடலுக்கு வேறு எது இருக்கிறது? அந்த அக்காமாருக்கு 45 வயதுகூட ஆகவில்லை.

மல்லிக்காட்டான் தம்பி, அப்பாவைப் பற்றி ஒன்று. காரணம் எதுவாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தவே கூடாது. "இது மருந்தால் வந்த சர்க்கரை, மருந்தை விட்டால் சரியாகிவிடும்" என்று அவராக முடிவு செய்துவிடப் போகிறார். புண்ணை வாரம் இருமுறை கட்டுப்போட வையுங்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கக் கூடாது. இரண்டு பாதத்தையும் தினமும் ராத்திரி நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், அடிப்பாதம், விரலிடுக்கு எல்லாம். உணர்ச்சி குறைந்த காலில் புதுப் புண் வந்தால் அவருக்கே தெரியாது.

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8:20

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். மாணவி நன்றாக விளக்கியிருக்கிறார். எலியில் வழியைக் கண்டுபிடித்தது பெரிய வேலை. மனிதரைப் பற்றிய பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கிராமத்துக் கணக்கெடுப்பு ஒரு காலகட்டத்தில் எடுத்த படம் போன்றது. மருந்து முதலில் வந்ததா, சர்க்கரை முதலில் வந்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஆரோக்கியமாக இருப்பவர்களை எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும். அமெரிக்காவில் அயோவா, வடக்கு கரோலினா மாநிலங்களில் அப்படி ஒரு நீண்ட ஆய்வு நடக்கிறது. 2008இல் வெளியான முடிவில், மருந்து தெளிக்கும் 33,457 பேரை வைத்துப் பார்த்தபோது ஏழு மருந்துகளுக்குச் சர்க்கரை நோயோடு தொடர்பு தெரிந்தது. அந்த ஏழில் டைக்குளோர்வாஸ், டிரைக்குளோர்பான் இரண்டும் ஆர்கனோபாஸ்பேட். ஆக, திருப்பரங்குன்றம் தனியாக நிற்கவில்லை.

நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா உடைக்கும்போதும் அசிட்டேட் போன்ற அமிலங்கள் வருகின்றன. அவை உடம்புக்கு நல்லது என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய. அதனால் கீரையும் பயறும் சாப்பிடப் பயப்பட வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது நார்ச்சத்தைக் குறைத்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. ரசாயனத்தால் சர்க்கரை நோய் வரும் என்பது புதிய செய்தி இல்லை. 1970களில் அமெரிக்காவில் வேக்கர் என்று ஓர் எலிமருந்து விற்றார்கள். அதைக் குடித்துப் பிழைத்தவர்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, சில நாட்களிலேயே கடுமையான சர்க்கரை நோய் வந்தது. 1979இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். வியட்நாம் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் நனைந்த படைவீரர்களுக்கு டைப் 2 சர்க்கரை வந்தால், அதைப் போரினால் வந்த நோயாக ஏற்றுக்கொண்டு அமெரிக்க அரசு உதவித்தொகை தருகிறது. நம் பக்கம் மருந்தில் நனைந்தவருக்கு நோய் வந்தால், அவருடைய தட்டில் என்ன இருந்தது என்றுதான் கேட்கிறோம்.

---

நாகமலை மாணவி | ஞாயிறு, இரவு 9:10

ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இதோடு ஒன்று சேர்க்கிறேன். இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். தைராய்டு, ஈஸ்ட்ரோஜன், இன்சுலின் எல்லாமே மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. அதனால்தான் ஹார்மோன் வேலையைக் குழப்பும் ரசாயனங்களை ஆராய்பவர்கள் "எவ்வளவு குடித்தால் சாவான்" என்ற கணக்கோடு நிறுத்துவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். இந்த ஆய்வாளர்களில் சிலர் பின்னால் கோவையிலிருந்து, ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டி என்ற விவசாயக் கிராமத்தில் வேலை செய்தார்கள். ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமமும் ஆர்கனோபாஸ்பேட்டும் உடம்பில் சேர்ந்தே இருப்பவர்களிடம் சர்க்கரை நோய்க்கும் ரத்தக்குழாய் தடிப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். ஒரு மருந்தை மட்டும் தனியாகப் பார்த்தால் போதாது என்பதற்கு அது நல்ல உதாரணம்.

---

திருமங்கலம் மருந்துக்கடை | திங்கள், காலை 7:30

நேற்று முழுக்கப் படித்தேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன். பதினாறு வருஷமாகப் பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப்பேர் பெயர் கேட்பதில்லை. ஒரு இலையையோ மொட்டையோ கொண்டுவந்து கவுண்டரில் வைத்து "இதுக்கு நல்ல மருந்தாக் குடுங்க" என்பார்கள். நல்ல மருந்து என்றால் அடித்த மறுநாளே புழு செத்துக் கிடக்க வேண்டும். அதற்காக இரண்டு மூன்றைக் கலந்து அடிப்பதும் உண்டு. பாட்டில் லேபிளில் ஒரு வைரக்கட்டம் இருக்கும், கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு. 2005லேயே காய்கறிக்கு அடிக்கத் தடை. 2023இல் மத்திய அரசு 36 சதவீத திரவத்துக்கே தடை ஆணை போட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். கத்தரி, தக்காளி என்றால் அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. சாப்பிடுகிறவருக்காக வைத்த கணக்கு அது. மல்லிகையை யாரும் சாப்பிடுவதில்லை. தினமும் பூக்கிற பூ, தினமும் எடுத்தாக வேண்டும். அதனால் நேற்று அடித்ததை இன்று பறிக்கிறார்கள். பறிக்கிற விரலுக்காக ஒரு கணக்கு நம்மிடம் இல்லை. மேலூர் அக்கா எழுதியதைப் படித்தபோது அந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன.

கடையில் கையுறை இருக்கிறது. ஒரு சீசனுக்கு நாலு ஜோடி விற்றால் அதிகம். நானும் எடுத்துக் காட்டிச் சொன்னதில்லை. நேற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

---

உசிலை பாண்டி | திங்கள், காலை 8:45

சேதி கேட்டு வருத்தமாக இருக்கிறது. என் மச்சான் ஒருத்தன் வாடிப்பட்டிப் பக்கம் கூலிக்கே மருந்து அடிக்கிறவன். சீசனில் ஒரு நாளைக்குப் பதினைந்து டேங்க். இரண்டு வருஷமாகச் சர்க்கரை. நேற்று வரை நான் இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

ஆனால் நடைமுறை என்ன? மார்கழி, தை மாதத்தில் பூ வரத்து குறைந்து மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நேரத்தில் மொட்டுப்புழு விழுந்து மொட்டு ஊதா நிறமாகிப் போனால் வருஷத்து வருமானமே போச்சு. "மருந்து அடிக்காதே" என்று யாரிடம் போய்ச் சொல்வது? செய்யக் கூடியதைச் சொல்லுங்கள்.

---

செவிலியர் மேலூர் | திங்கள், பகல் 1:15

அண்ணே, அடிக்காதே என்று நான் சொல்லவில்லை. உடம்புக்குள் போகிற வழியை அடைக்கலாம்.

இந்த மருந்துகள் தோல் வழியாகவே இறங்கும். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. ஈரத்துண்டு பாதுகாப்பு இல்லை, மருந்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். துணிக் கையுறையும் அப்படித்தான், ரப்பர் வகைதான் வேண்டும். கலக்கும்போதுதான் மருந்து கெட்டியாக இருக்கும், அதனால் அந்த ஐந்து நிமிடத்துக்காவது கட்டாயம் கையுறை. கசிகிற டேங்கை வாஷர் மாற்றாமல் முதுகில் ஏற்றக் கூடாது. காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். முடித்ததும் வீட்டுக்குள் நுழையும் முன்னே சோப்புப் போட்டுக் குளியல். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்கக் கூடாது. காலி டப்பாவைத் தயவுசெய்து தண்ணீர் மோக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.

பூ எடுக்கிறவர்களுக்கு: எடுத்து முடித்துக் கையை நன்றாகக் கழுவாமல் வெற்றிலை, டீ, வடை எதுவும் கிடையாது. தோட்டத்துக்காரர் வரப்பில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வைத்தால் போதும். ஐந்து ரூபாய் சோப்பு.

உங்கள் மச்சானை வருஷம் ஒருமுறை கண், சிறுநீரகம் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து அடிக்கிறவர் என்பதை டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்லட்டும்.

---

மல்லிக்காட்டான் | வியாழன், இரவு 9:40

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவை மறுபடி கூட்டிப்போனேன். புண் ஓரங்கள் மூட ஆரம்பித்திருக்கின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்தார்கள், 9.8 சதவீதம். இந்த முறை இருந்தவர் ஒரு இளம் டாக்டரம்மா. நானே சொன்னேன், "அப்பா முப்பது வருஷமாகப் பூந்தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறார்" என்று. பேனாவை வைத்துவிட்டு அப்பாவையே கேட்டார்: என்ன மருந்து, வாரத்துக்கு எத்தனை தடவை, கையுறை போடுவீர்களா, அடித்த அன்று தலைவலி வருமா? அப்பா பத்து நிமிடம் பேசினார். ஆஸ்பத்திரியில் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அந்த டாக்டரம்மா எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

வரப்பில் குடமும் சோப்பும் வைத்தாயிற்று. பூ எடுக்க வருகிற நாலு பேரும் கழுவுகிறார்கள். அம்மா அப்பாவின் மருந்து வேட்டியைத் தனியாக ஒரு வாளியில் போட ஆரம்பித்திருக்கிறார். கலக்குவதற்கு ஒரு மூங்கில் கோலைச் சீவி டேங்கோடு கட்டிவைத்திருக்கிறேன்.

மருந்துக்கடை அண்ணே, கையுறை ஒரு ஜோடி ஊரிலேயே வாங்கினேன், அப்பா கைக்குப் பெரிதாக இருக்கிறது. மூடியைப் பிடிக்க முடியவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறார். சின்ன அளவு உங்களிடம் இருக்குமா?

---

திருமங்கலம் மருந்துக்கடை | வியாழன், இரவு 10:05

மூன்று ஜோடி இருக்கிறது தம்பி. எடுத்துத் தனியாக வைக்கிறேன். சனிக்கிழமை அப்பாவையே கூட்டிக்கொண்டு வாருங்கள், போட்டுப் பார்த்து, ஒரு மூடியைத் திறந்து பார்த்தே வாங்கலாம்.